பார்லர் வேலைக்கு வரலாமா? முதலில் பத்து நாள் உட்கார்ந்து பாருங்கள்

"அக்கா, இதுல நல்லா சம்பாதிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு இரண்டு பெண்களாவது என் கடைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் பின்னாலேயே அம்மாவும் வருவார். மகள் சம்பளத்தைக் கேட்பாள். அம்மா, "ராத்திரி எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்று கேட்பார். கழுத்து வலிக்குமா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கென்னவோ முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று தோன்றுகிறது.

2006-ல் பிளஸ் டூ முடித்த கையோடு இந்தத் தொழிலுக்கு வந்தேன். மதுரையில் ஒரு பார்லரில் எடுபிடியாக இரண்டு வருஷம், சென்னை தி.நகரில் ஒரு பெரிய சலூனில் நான்கு வருஷம், அப்புறம் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் தெரபிஸ்ட்டாக மூன்று வருஷம். 2015-லிருந்து மதுரையில் சொந்தக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு ஃபேஷியல் கட்டில், என்னோடு சேர்த்து மூன்று பேர். தொழில் பிடித்திருக்கிறதா, கட்டுப்படியாகிறதா என்றால் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்பட வேண்டும் என்றில்லை. அதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை, பத்து நாள் போதும்.

பத்து நாள் சோதனை

எந்தப் பயிற்சி வகுப்புக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உங்கள் ஏரியாவில் ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல் ஒற்றை அறையாகவும் இல்லாமல் ஒரு பார்லரைப் பாருங்கள். "சம்பளம் வேண்டாம், பத்து நாள் கூடமாட இருந்து வேலை பார்க்கிறேன்" என்று கேளுங்கள். முடி கூட்டவும் துண்டு மடிக்கவும் ஆள் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரமோ தீபாவளிக்கு முந்தின வாரமோ அமைந்தால் ரொம்ப நல்லது. கூட்டம் இல்லாத நாளில் எந்தத் தொழிலும் அழகாகத்தான் தெரியும்.

அங்கே உட்கார்ந்து உங்களையே கவனியுங்கள். முதலில் கால். பெடிக்யூர் டப்பில் ஊறின ஒரு அம்மாவின் வெடித்த குதிகாலைக் கையில் தூக்கித் துடைக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது? "அடுத்தவங்க காலைப் பிடிக்கிற பொழப்பு" என்று என் பெரியப்பா ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது என்று நினைக்கிறேன், ஆனால் உறுத்தாது. உங்களுக்குக் குமட்டினால் அதில் தப்பொன்றும் இல்லை, வேறு எத்தனையோ தொழில் இருக்கிறது. உறவுக்காரர்கள் சொல்வதற்காக மட்டும் தயங்கினால் கொஞ்ச நாள் பொறுங்கள். உங்கள் சம்பளத்தில் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்ததும் அந்தப் பேச்சு தானாகக் குறையும்.

அடுத்தது உடம்பு. ஒரு புருவத் த்ரெட்டிங்குக்கு ஐந்து நிமிஷம் குனிய வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முப்பது பேர் வருவார்கள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியை உயர்த்திக் கஸ்டமரின் தலையை நம் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும், நம் கழுத்தை அவர்கள் தலைக்கு இறக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தெட்டு வயதில் பிசியோதெரபிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அப்புறம் கை. சின்ன வயதிலிருந்தே கரப்பான் நோய் மாதிரிக் கைகளில் அரிப்பும் வெடிப்பும் வருகிறவராக இருந்தால் நன்றாக யோசியுங்கள். நாள் முழுக்க ஈரக் கை, ஷாம்பு, பிளீச், கிளென்சர். நல்ல தோலையே பதம் பார்க்கும். என்னோடு தி.நகரில் சேர்ந்த ஒரு பெண், கைதேர்ந்த வேலைக்காரி, ஒன்றரை வருஷத்தில் கை புண்ணாகி டெலிகாலிங் வேலைக்குப் போய்விட்டாள்.

கடைசியாகக் காது. கட்டிலில் படுத்து முகத்தில் பேக் போட்டதும் பாதிப் பேருக்கு மனசு திறந்துவிடும். மாமியார், கடன், கருக்கலைந்தது எல்லாம் வரும். கேட்டதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தால் கஸ்டமர் பத்து வருஷம் உங்களை விட்டுப் போக மாட்டார். பக்கத்து நாற்காலிக்குக் கடத்துகிற ஆளாக இருந்தால் ஊரே சின்னது, மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

படிப்புக்கு எங்கே, எவ்வளவு

பத்து நாள் தாண்டியும் ஆசை இருந்தால் அடுத்தது படிப்பு. ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலை, என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. பத்தாவது முடித்திருந்தால் சேரலாம். எல்லா ஊர் ஐடிஐயிலும் இருக்காது, விசாரிக்க வேண்டும். செலவு குறைவு, சான்றிதழுக்கு மதிப்பும் உண்டு. வெளிநாட்டு வேலை, கப்பல் ஸ்பா என்று கனவு இருந்தால் சிடெஸ்கோ மாதிரியான சர்வதேச டிப்ளமோ உதவும். 1946-ல் ஐரோப்பாவில் தொடங்கிய அழகுக்கலை அமைப்பு அது, அந்த டிப்ளமோவுக்கு 1,200 மணி நேரப் பயிற்சி கேட்பார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் லட்சங்களைக் கொண்டுபோய் அதில் கொட்ட வேண்டாம். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போனால் பாடம் புரியும்.

தனியார் வகுப்புகளில் சேருவதானால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முடிக்கிறதுக்குள்ள நான் என் கையால எத்தனை பேர் முகத்துல வேலை செய்வேன்?" பொம்மைத் தலை, பக்கத்தில் இருக்கிற தோழி எல்லாம் கணக்கில் சேராது. வெளியிலிருந்து வருகிற, வெவ்வேறு வயது, வெவ்வேறு தோல். பதில் சொல்லாமல் சான்றிதழில் ஒட்டியிருக்கிற ஹாலோகிராமைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாடத்தில் மேக்கப் வகுப்புக்குத்தான் எல்லாரும் ஆசையாகப் போவார்கள். தோல் பற்றிய வகுப்பில் தூங்குவார்கள். நானும் தூங்கினேன். பின்னால் கிளினிக்கில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். இளவயதில் மேல்தோல் புதுசாக மாற ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயது ஏற ஏற அது இன்னும் மெதுவாகும். ஆகவே, "ஒரே வாரத்தில் மங்கு போயிடுமா?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பது இதிலேயே இருக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவில் (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஐந்தை ஒட்டி இருக்கும். குளியல் சோப்பு ஒன்பது, பத்து என்று காரப் பக்கம் போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டு முகம் கழுவுகிற பெண்ணுக்கு ஏன் பருவும் குறையாமல் தோலும் வறண்டு இழுக்கிறது என்பது இதைத் தெரிந்தால் விளங்கும். ஃபேஷியல் செய்தால் வருகிற பளபளப்பு மசாஜில் ரத்தம் ஓடுவதாலும் இறந்த செல்கள் போவதாலும் வருவது, சில நாளில் இறங்கிவிடும். எந்த நோயையும் ஃபேஷியல் குணப்படுத்தாது. இதைக் கஸ்டமரிடம் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். நான் சொல்கிறேன், வியாபாரம் போகவில்லை.

கேட்காமல் கை வைத்த நாள்

2010-ல் தி.நகரில் இருந்தபோது ஒரு மணப்பெண் வந்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள். மேலுதட்டுக்கு வேக்ஸ் போடச் சொன்னாள். தடவினேன், பட்டையை ஒட்டினேன், இழுத்தேன். முடியோடு தோலும் வந்துவிட்டது. உரித்த வெங்காயம் மாதிரி ஈரமாக, இளஞ்சிவப்பாக மினுங்கியது. அவள் கத்தவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பருவுக்கு மருத்துவர் கொடுத்த ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அந்த மாத்திரை சாப்பிடும்போது தோல் மெலிந்து எளிதில் உரியும். நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை வேக்ஸ் கூடாது. அவள் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். தாலி கட்டுகிற அன்று பொருக்கு மேல் மேக்கப் போட்டார்கள்.

அன்றையிலிருந்து யார் வந்தாலும் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசாமல் எதையும் தொடுவதில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முகத்தில் என்ன கிரீம் (பெயர் தெரியாவிட்டால் ட்யூபைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன்), கர்ப்பமா, சுகர் உண்டா, தலைக்கு டை அடித்து அரித்திருக்கிறதா, கடைசியாக எப்போது பிளீச் செய்தீர்கள். வீட்டில் என்ன போட்டீர்கள் என்பதையும் விடுவதில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய் முகத்தில் கறுப்புத் திட்டு வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்துப் போயிருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையாக இருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்வேன்.

பிளீச்சோ புதுப் பொருளோ என்றால் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். "இன்னைக்கே வேணும்க்கா" என்பவர்களுக்கு இது பிடிக்காது. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: மணப்பெண் முன்பணம் கொடுக்க வருகிற அன்றே இந்த பேட்ச் டெஸ்ட்டை முடித்துவிடுவது.

சுத்தத்தில் மூன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றது வகுப்பிலேயே வரும். த்ரெட்டிங் நூலை வாயில் கவ்வாதீர்கள், கழுத்தில் மாட்டிப் பழகுங்கள். கரும்புள்ளி எடுக்கிற ஊசியையும் கம்பியையும் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்கிற கருவி) 121 டிகிரியில் 15 நிமிஷம் வையுங்கள். நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள், சுத்தம் செய்த பொருளை மூடி வைக்கத்தான் அது லாயக்கு.

திருப்தி எங்கே இருக்கிறது

மேக்கப் முடிந்து மணப்பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிற நிமிஷம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு நினைவில் நிற்பது வேறு.

மூன்று வருஷத்துக்கு முன் இருபத்து மூன்று வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆவணியில் கல்யாணம். "கழுத்து மட்டும் கருப்பா இருக்குக்கா. எதாச்சும் போட்டு எடுத்து விடுங்க." துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். பின்கழுத்து வெல்வெட் துணி மாதிரி தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அக்குளிலும் அப்படியே என்றாள். தாடையில் முரட்டு முடி, மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறதாம். இது தேய்த்தால் போகிற அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். பிளீச் போட்டால் எனக்கு அறுநூறு ரூபாய் வந்திருக்கும், அவளுக்கு எரிச்சல் மிஞ்சியிருக்கும். "இதுக்கு நான் ஒண்ணும் பண்ணலம்மா. மொதல்ல சுகர் டெஸ்ட் எடு, லேடி டாக்டரையும் பாரு" என்று அனுப்பினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, பிசிஓஎஸ்ஸும் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவளுடைய அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து நின்றார். அந்த வீட்டிலிருந்து இப்போது நாலு பேர் கஸ்டமர்.

எல்லாம் இப்படி முடியாது. முப்பது வயதிருக்கும் ஒருவர், முகமெல்லாம் சிவந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிய, கன்னத்தில் பூனைமுடி அடர்ந்து வந்தார். வெயிலில் போனால் தீயாக எரிகிறதாம். நாலு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் சிவப்பழகு கிரீம் என்று வாங்கிப் போடுகிறார். ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டும், தோலை வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுவினோனும், தோலை உரிக்கிற ட்ரெட்டினோயினும் கலந்த மருந்து. ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு 2018-ல் இறுக்கியது. ஆனாலும் கிடைக்கிறது. ஃபேஷியல் செய்ய மாட்டேன், தோல் மருத்துவரைப் பாருங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் இன்னும் வெடிக்கும் என்றேன். "காசு குடுத்தா செய்ய வேண்டியதுதானே?" என்று கோபமாகப் போனார். திரும்பி வரவில்லை.

லேபிளே இல்லாத டப்பாக்கள் இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023-ல் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தபோது, தோண்டிப் பார்த்த மருத்துவர்கள் பாதரசம் கலந்த முகப்பூச்சைத்தான் கை காட்டினார்கள். அதையே மொத்தமாக வாங்கி விற்றுத்தரச் சொல்லி உங்களிடம் ஆட்கள் வருவார்கள். கமிஷன் நன்றாக இருக்கும்.

"வெள்ளையாக்க முடியுமா?" தினமும் வருகிற கேள்வி. முன்கையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டச் சொல்வேன். "வெயில் படாத இந்த இடம்தான் உங்க நிறம். முகத்தை இது வரைக்கும் கொண்டு வரலாம், இதுக்கு மேல யாராலயும் முடியாது." அதற்கும் சன்ஸ்கிரீன் போட வேண்டும் என்றால் முகம் சுளிப்பார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பொட்டு அளவு வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

ஊசி, ஃபில்லர் (முகத்தை உப்ப வைக்கத் தோலுக்கடியில் ஏற்றுவது), ஆழமான பீல் (ரசாயனத்தால் தோலை உரிப்பது) பக்கம் போகவே போகாதீர்கள். இரண்டு நாள் வகுப்பில் போட்டாக்ஸ் (முகச் சுருக்கத்துக்குப் போடுகிற ஊசி) கற்றுத் தருகிறேன் என்று போனில் விளம்பரம் வரும். ஃபில்லர் ஒரு ரத்தக்குழாயை அடைத்தால் கண் பார்வையே போகலாம். அது மருத்துவர் வேலை.

சரி, காசு

நான் 2006-ல் வாங்கியது மாதம் 1,500. தி.நகரை விட்டு வரும்போது 6,000, கிளினிக்கில் 11,000. இப்போது என் கடையில் புதிதாக வருகிற பெண்ணுக்கு 9,000 கொடுக்கிறேன், கை திருந்திய பிறகு 13,000. டிப்ஸ் தனி. பெரிய சலூன்களில் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் மாத டார்கெட் இருக்கும். கஸ்டமர் தலையில் பேக்கேஜைக் கட்டச் சொல்வார்கள். அதில் சிலர் கெட்டிக்காரர்கள். எனக்கு வாய் வரவில்லை.

சொந்தக் கடை என்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பணத்தை எண்ண வேண்டும். தையிலும் தீபாவளி வருகிற ஐப்பசியிலும் எனக்கு 1,40,000 வரை வரும். வாடகை 14,000, இரண்டு பேர் சம்பளம் 26,000, பொருட்கள் 25,000, கரண்ட் 4,000 போக எழுபதாயிரம் நிற்கும். ஆடியில் மொத்த வரவே 60,000. சம்பளமும் வாடகையும் அப்படியேதான் இருக்கும், பொருள் செலவு மட்டும் பாதியாகும். நாலாயிரம் மிஞ்சினால் பெரிது. மார்கழியும் அப்படித்தான். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஆடி, மார்கழித் தடை கிடையாது, பாதி வருஷம் எனக்கு அதுதான் கைகொடுத்திருக்கிறது. தையில் வந்ததை ஆடிக்கு எடுத்து வைக்கத் தெரியாதவர்கள் இரண்டாவது வருஷமே நாற்காலியை விற்றுவிடுகிறார்கள்.

தொடங்கும்போது வட்டிக்கு வாங்காதீர்கள். வங்கியில் முத்ரா கடன் (சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேளுங்கள். சிசு பிரிவில் 50,000 வரை, ஈடு கேட்க மாட்டார்கள். ஒரு நல்ல நாற்காலி, ஸ்டீமர், வேக்ஸ் ஹீட்டர், ஆட்டோகிளேவுக்கு அதைக் கொண்டே தொடங்கலாம், வீட்டில் ஒரு அறை இருந்தால். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அழகுச் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த அந்த வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆக்கியிருக்கிறார்கள். வாங்குகிற பொருளுக்குக் கட்டிய வரியை மட்டும் கழித்துக்கொள்ள முடியாது.

வீடு தேடிப் போய்ச் செய்வதில் வாடகை மிச்சம். முதல் தடவை போகிற வீடு என்றால் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள், முகவரியை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பத்து நாள் உட்காரப் போகிற அன்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் வேண்டாம். முடியை இறுக்கக் கொண்டை போட்டு, தட்டையான செருப்போடு போங்கள். மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், மூன்று மணிக்கு முன்னால் கிடைக்காது. மதுரைக்காரராக இருந்து, ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் என்றால் என் கடைக்கே வரலாம். துண்டு மடிக்க எப்போதும் ஆள் பற்றுவதில்லை.